45 லட்சம் டாலர் இடைவெளி: ஹார்டன் விஷயத்தில் தண்டருக்கு இருந்த நான்கு வழிகள்

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது நமக்கு ஞாயிறு காலைக் காப்பியோடுதான் வந்து சேரும். 2012 அக்டோபர் 28 அன்று அப்படி வந்த செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு டிரேட் செய்துவிட்டது, அதாவது வேறு ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டு கைமாற்றிவிட்டது. சீசன் தொடங்க இரண்டே நாள்தான் பாக்கி.

நாலு மாதத்துக்கு முன்னால் ஃபைனல்ஸ் ஆடிய அணி அது. மியாமியிடம் 4–1 என்று தோற்றார்கள், உண்மைதான். ஆனால் அந்த அணியின் வயதைப் பாருங்கள். டியூரன்ட் 23, வெஸ்ட்புரூக் 23, ஹார்டன் 22, இபாகா 22. அந்தக் கோடையில் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியில் டியூரன்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவருமே இருந்தார்கள். இப்படி ஓர் அணியைக் கலைப்பதற்குக் காரணம் சண்டையோ காயமோ இல்லை, சம்பளக் கணக்கு. பத்திரிகைகளில் வந்தபடி கிளப் கடைசியாக நீட்டிய தொகை நான்கு வருடத்துக்கு 5.55 கோடி டாலர். ஹார்டன் கேட்டது விதிப்படி கிடைக்கக்கூடிய உச்சத் தொகை, சுமார் 6 கோடி. இடைவெளி 45 லட்சம் டாலர். வருடத்துக்கு 11 லட்சம் சொச்சம்.

"45 லட்சத்துக்காகவா ஒரு எம்விபியை விட்டார்கள்?" என்று அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். (எம்விபி என்றால் சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்.) அப்படிச் சிரிப்பது கொஞ்சம் அநியாயம். ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டியும் முதலாளிக் குழுவின் தலைவர் கிளே பென்னெட்டும் பயந்தது அந்த 45 லட்சத்துக்காக மட்டும் இல்லை. அதன் பின்னால் வரி இருந்தது. அந்த அக்டோபரில் அவர்களிடம் நான்கு வழிகள் இருந்தன என்பது என் கணக்கு. ஒவ்வொன்றையும் அன்றைய எண்களை வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம். பின்னால் நடந்ததை வைத்து யார் வேண்டுமானாலும் புத்திசாலி ஆகலாம்.

முதலில் விதிகள். ஐபிஎல் ஏலத்தில் பர்ஸ் காலியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என்பிஏவில் அப்படி இல்லை. சம்பள வரம்பு என்று ஒன்று உண்டு. 2012–13இல் அது 5.8 கோடி டாலர். ஆனால் உங்கள் அணியிலேயே இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைக்க அந்த வரம்பைத் தாண்டலாம். அதற்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆடம்பர வரி. அந்த சீசனில் கோடு 7.03 கோடி. அந்த சீசன் வரைக்கும் வரி ஒன்றுக்கு ஒன்று: ஒரு டாலர் தாண்டினால் ஒரு டாலர் வரி. 2011இல் முதலாளிகள் ஐந்து மாதத்துக்கு மேல் கதவைப் பூட்டி வைத்து, சீசனை 66 ஆட்டமாகக் குறுக்கி, ஆட்டக்காரர்களிடமிருந்து வாங்கிய புது ஒப்பந்தம் 2013–14 முதல் இந்த வரியைப் படிப்படியாக ஏற்றியது. முதல் 50 லட்சத்துக்கு டாலருக்கு 1.50, அடுத்த 50 லட்சத்துக்கு 1.75, அதற்கடுத்த 50 லட்சத்துக்கு 2.50, அப்புறம் 3.25 என்று ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. வசூலாகும் வரியில் பாதி வரை, வரி கட்டாத கிளப்புகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அதாவது செலவு செய்யாமல் இருப்பதற்கே ஒரு சன்மானம். ஹார்டனின் புதுச் சம்பளம் தொடங்கவேண்டியது வரி ஏறும் அதே 2013–14இல். பென்னெட் ஏன் மிரண்டார் என்பது இப்போது புரியும்.

முதல் வழி: கேட்டதைக் கொடுத்துவிட்டு வரியையும் கட்டுவது.

2013–14க்கு ஐந்து பேரின் சம்பளத்தை மட்டும் கூட்டிப் பார்ப்போம். டியூரன்ட் சுமார் 1.78 கோடி, வெஸ்ட்புரூக் 1.47, ஹார்டன் 1.37, இபாகா 1.2 சொச்சம், சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆள்) கெண்ட்ரிக் பெர்கின்ஸ் 0.9 கோடிக்குக் கொஞ்சம் கீழே. மொத்தம் 6.7 கோடி. அந்த வருடக் கோடு 7.17 கோடி. மீதி எட்டுப் பத்துப் பேருக்கு எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஒன்றரைக் கோடி ஆகும். ஆக ஏறக்குறைய ஒரு கோடி தாண்டும். அதற்கு வரி: 75 லட்சமும் 87.5 லட்சமும் சேர்ந்து 1.625 கோடி. இதே கதை மூன்று நான்கு வருடம் ஓடும் என்று 2012இல் நினைப்பது நியாயமானதே. நான்கு வருடத்துக்கு ஆறரைக் கோடி வரி. ஹார்டனின் சம்பளத்தையே இன்னொரு முறை கட்டுவது மாதிரி.

ஓக்லஹோமா சிட்டி லீகின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளுக்குக் கிடைக்கும் உள்ளூர்த் தொலைக்காட்சிப் பணம் அங்கே வராது. இந்த வழியை அவர்கள் தள்ளிவைத்ததை நான் கருமித்தனம் என்று சொல்லமாட்டேன். பயம் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் எண்ணை மறுபடி பாருங்கள். ஐந்தாவதாக எழுதியிருப்பது.

இரண்டாம் வழி: ஹார்டனுக்குக் கொடுத்துவிட்டு பெர்கின்ஸை விடுவிப்பது.

2011 பிப்ரவரியில் ஜெஃப் கிரீனைக் கொடுத்து பாஸ்டனிலிருந்து பெர்கின்ஸை வாங்கினார்கள். வாங்கிய சூட்டோடு நான்கு வருடம், 3.48 கோடி டாலர் என்று கையெழுத்தும் போட்டார்கள். அவர் ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை. உயரமான, கனமான எதிராளியை முதுகால் தள்ளி நிறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். 2012 ஆகஸ்டில் டுவைட் ஹோவர்ட் லேக்கர்ஸுக்குப் போனபோது, "அவரைத் தடுக்க நமக்கு பெர்கின்ஸ் வேண்டும்" என்ற வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் வலு வந்தது. ஆனால் அவர்களைத் தோற்கடித்த மியாமி, சென்டரே இல்லாத மாதிரி சின்ன அணியை வைத்து ஆடியது. அந்தத் தொடரில் பெர்கின்ஸ் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

2011 ஒப்பந்தம் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரே ஒரு மன்னிப்புச் சீட்டு கொடுத்திருந்தது. பழைய ஒப்பந்தம் ஒன்றை ரத்து செய்துகொள்ளலாம். ஆட்டக்காரருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், ஆனால் அந்தத் தொகை வரம்புக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் ஏறாது. பெர்கின்ஸின் ஒப்பந்தம் இதற்குத் தகுதியானது. சீட்டைப் பயன்படுத்தும் காலம் ஜூலை மாதம். ஹார்டனின் புதுச் சம்பளம் தொடங்குவதும் 2013 ஜூலைக்குப் பிறகுதான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

முதலாளிகள் பொதுவாக இடறுவது இந்த இடத்தில்தான். "ஆடாத ஆளுக்கு ஒன்றே முக்கால் கோடி கொடுப்பதா?" என்று கேட்பார்கள். ஆனால் அந்தப் பணம் பெர்கின்ஸ் ஆடினாலும் போகப்போகிறது, ஆடாவிட்டாலும் போகப்போகிறது. அதை ஏற்கனவே செலவழித்தாயிற்று. கேள்வி ஒன்றுதான்: அந்த 90 லட்சம் வரிக் கணக்கில் உட்காரவேண்டுமா, வெளியே நிற்கவேண்டுமா? வெளியே நிறுத்தினால், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இன்னொரு உயரமான ஆளைச் சேர்த்துக்கொண்ட பிறகும், கோட்டைத் தாண்டுவது இருபது முப்பது லட்சம்தான் இருக்கும். ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்த வரி ஐம்பது லட்சத்துக்குக் கீழே வந்துவிடும். வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் மிச்சம். ஆனால் அந்தச் சீட்டை தண்டர் கடைசிவரை பயன்படுத்தவே இல்லை.

அந்த அக்டோபர் முழுக்க எல்லாரும் கேட்டது "ஹார்டனுக்கு இவ்வளவு கொடுக்கலாமா?" என்றுதான். பெர்கின்ஸின் சம்பளத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் சுலபமாகக் கிடைத்திருக்கும். வீட்டில் மாதக் கடைசியில் பணம் முட்டும்போது பிள்ளையின் ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்போம், யாரும் உட்காராத பழைய ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அது மாதிரி.

மூன்றாம் வழி: எதுவும் செய்யாமல் ஒரு வருடம் ஆடவிடுவது.

அக்டோபர் 31தான் கெடு என்று எல்லாரும் பதறினார்கள். அந்தக் கெடு புது ஒப்பந்தத்துக்கு மட்டும்தான், ஹார்டன் அணியில் இருப்பதற்கு இல்லை. கையெழுத்து ஆகாவிட்டாலும் 2012–13 முழுக்க சுமார் 58 லட்சம் டாலருக்கு அவர் ஆடியே தீரவேண்டும். 2013 ஜூலையில் அவர் சந்தைக்குப் போவார். ஆனால் வேறு கிளப் எவ்வளவு நீட்டினாலும், அதே தொகையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளும் உரிமை தண்டரிடம் இருந்திருக்கும். நடுவில் ஃபைனல்ஸுக்கு மறுபடி போய்வர ஒரு முழு சீசன் கிடைக்கும்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. நன்றாக ஆடிவிட்டால் அவர் கண்டிப்பாக உச்சத் தொகைதான் கேட்பார். கோபம் வந்தால் ஒரு வருடச் சிறிய ஒப்பந்தத்தில் ஆடிவிட்டு 2014இல் சும்மா நடையைக் கட்டலாம். அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு, கோடிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு ஒரு வருடம் சூதாட யாருக்குத் தைரியம் வரும்? காயம் பட்டால் டிரேட் மதிப்பு இறங்கும். இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும், முதலாளிக்கு அந்த வருடம் ஒரு பைசா கூடுதல் செலவு இல்லாத வழி இது. டிரேட் வேண்டுமென்றாலும் பிப்ரவரி வரை நேரம் இருந்தது. வரி கூட சீசன் கடைசி நாளின் சம்பளப் பட்டியலை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, தொடக்க நாளை வைத்து இல்லை.

இந்த உரிமையை தண்டர் பின்னால் ஒருமுறை பயன்படுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015 ஜூலையில் போர்ட்லாண்ட் கிளப் எனெஸ் கான்டருக்கு நான்கு வருடம், 7 கோடி டாலர் நீட்டியது. தண்டர் அதே தொகையைத் தந்து அவரைத் தக்கவைத்தது. ஹார்டனுக்கு 6 கோடி அதிகம் என்று சொன்ன அதே மேஜை.

நான்காம் வழி அவர்கள் எடுத்தது. ஹார்டனோடு கோல் ஆல்ட்ரிச், டெக்வான் குக், லாசர் ஹேவர்ட் போனார்கள். பதிலுக்கு கெவின் மார்ட்டின், ஜெரமி லேம்ப், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் (புதுமுக ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்), ஓர் இரண்டாம் சுற்று உரிமை. காகிதத்தில் பார்த்தால் மோசமான பேரம் இல்லை. மார்ட்டின் நன்றாகப் புள்ளி எடுப்பவர். டிராஃப்ட் உரிமைகளில் ஒன்று பிறகு ஸ்டீவன் ஆடம்ஸாக மாறியது, பல வருடம் அவர்களுக்குத் தூண் மாதிரி நின்ற சென்டர். பிரெஸ்டி இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு தர்க்கம் உண்டு: இப்போதே விற்றால் நல்ல விலை, நாளைக்கு விலை போகுமா தெரியாது. வெஸ்ட்புரூக்குக்கு 2012 ஜனவரியில் ஐந்து வருட ஒப்பந்தம் போட்டாயிற்று. அப்படி ஐந்து வருடம் கொடுக்கும் சலுகை ஒரு கிளப்புக்கு ஓர் ஆளுக்குத்தான். இபாகாவுக்கு ஆகஸ்டில் நான்கு வருடம் சுமார் 4.8 கோடி என்று கையெழுத்து ஆகியிருந்தது. ஹார்டனுக்குக் கொடுக்க முடிந்தது நான்கு வருடம், அதுவும் உச்சத் தொகைக்குக் கொஞ்சம் கீழே, அதுவும் மூன்றாவது நாயகன் என்ற இடம். ஹூஸ்டன் ஐந்து வருடம், சுமார் 8 கோடி, முதல் நாயகன் என்று கொடுத்தது. போன கையோடு முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 37 புள்ளி, அடுத்த ஆட்டத்தில் அட்லாண்டாவுக்கு எதிராக 45.

மார்ட்டின் 2013 கோடையிலேயே மினசோட்டாவுக்குப் போய்விட்டார். வெஸ்ட்புரூக்குக்கு அந்த பிளே-ஆஃபில் முழங்காலில் அடி; இரண்டாம் சுற்றில் மெம்ஃபிஸிடம் 4–1 தோல்வி. டியூரன்டுக்குப் பக்கத்தில் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்த ஆள் இல்லை. 2016இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3–1 என்று முன்னால் இருந்து 4–3 என்று தோற்றார்கள். ஜூலை 4 அன்று டியூரன்ட் அந்த கோல்டன் ஸ்டேட்டுக்கே போனார். ஹார்டன் 2018இல் எம்விபி.

ஹார்டன் இருந்திருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நான்கு வழிகளில் எது சரி என்று கேட்டால் என் பதில் இரண்டையும் மூன்றையும் சேர்த்தது: ஒரு சீசன் ஆடவிட்டு, 2013 ஜூலையில் பெர்கின்ஸ் சீட்டைக் கிழித்துவிட்டு, ஹார்டனுக்கு உச்சத் தொகை. இதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, 2012இல் கையில் இருந்த விதிப் புத்தகமே போதும். எதிர்காலம் தெரிந்திருந்தால் கணக்கு இன்னும் ஒருதலையாகிவிடும். 2014 அக்டோபரில் 2,400 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் வந்தது. வரிக்கோடு 2015–16இல் 8.47 கோடியாக இருந்து ஒரே தாவாக 2016–17இல் 11.3 கோடிக்கு எகிறியது. நான்கு வருடம் என்று பயந்த வரிச் சுமை மூன்றே வருடத்தில் கரைந்திருக்கும். இன்னொரு வேடிக்கை, 2014–15இல் தண்டர் தங்கள் முதல் ஆடம்பர வரியைக் கட்டினார்கள். ஹார்டன் இல்லாமலேயே.

சரி, கொடுக்க மனமில்லாத முதலாளி, கொட்டிக்கொடுக்கும் முதலாளி இருவரையும் லீகில் வேறு இடங்களிலும் பார்த்துவிடலாம். இபாகா தண்டருக்கு வந்த கதையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதுவே ஒரு கருமித்தனத்தின் பிள்ளை.

ராபர்ட் சார்வர் 2004இல் பீனிக்ஸ் சன்ஸை சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கினார். ஸ்டீவ் நாஷ் வந்தார், 62 வெற்றி வந்தது. அடுத்த கோடையிலேயே ஜோ ஜான்சனை அட்லாண்டாவுக்கு விட்டார்கள். ஒரு வருடம் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தால் அட்லாண்டா கொடுத்த சுமார் 7 கோடியைவிடக் கணிசமாகக் குறைவாக முடிந்திருக்கும். 2006 டிராஃப்டில் கையில் வந்த ராஜான் ராண்டோவை பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டு அடுத்த வருட உரிமை ஒன்றை வாங்கினார்கள். அடுத்த வருடம் அந்த உரிமையில் எடுத்த ரூடி ஃபெர்னாண்டஸை போர்ட்லாண்டுக்கு 30 லட்சம் டாலர் ரொக்கத்துக்கு விற்றார்கள். ராண்டோ 2008இல் பாஸ்டனோடு கோப்பையைத் தூக்கினார். சன்ஸ் கணக்குப் புத்தகத்தில் 30 லட்சம் இருந்தது.

உச்சகட்டம் 2007 ஜூலை. கர்ட் தாமஸ் என்ற மூத்த ஆட்டக்காரரின் சம்பளத்தாலும் அதன் வரியாலும் வந்த சுமையை இறக்க, "இவரை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சியாட்டிலிடம் கொடுத்தார்கள். சியாட்டிலின் ஜெனரல் மேனேஜர் யார்? சாம் பிரெஸ்டி. முதலாளி கிளே பென்னெட். அந்த உரிமைகளில் ஒன்றில்தான் 2008இல் 24ஆவது ஆளாக செர்ஜ் இபாகா வந்தார். அதே வருடம் அணி ஓக்லஹோமாவுக்கு இடம் மாறியது. அடுத்தவர் வரிக்குப் பயந்து வீசியதை வாரிக்கொண்ட மேஜைதான், ஐந்து வருடம் கழித்து, தானே வரிக்குப் பயந்து ஹார்டனை வீசியது. நாஷின் அந்த எட்டு வருடத்தில் சன்ஸ் ஒரு ஃபைனல்ஸ்கூட ஆடவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். சார்வருக்கு நஷ்டமா என்றால் இல்லை. 2022இல் அவர் விற்க ஒத்துக்கொண்டபோது கிளப்பின் மதிப்பு 400 கோடி டாலர். கொடுக்காத முதலாளியும் பணக்காரராகத்தான் வெளியே போகிறார். லீகே வளர்ந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் தண்டனை கிடைப்பதில்லை.

அதனால் கொட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை. புரூக்ளின் நெட்ஸின் மிகைல் புரோகொரோவ் 2013–14இல் மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் வரி கட்டினார். வயதான கார்னெட்டையும் பியர்ஸையும் வாங்குவதற்கு வருங்கால டிராஃப்ட் உரிமைகளை பாஸ்டனிடம் அடகு வைத்தார். 44 வெற்றி, இரண்டாம் சுற்றில் தோல்வி. அந்த உரிமைகளின் வழியாகத்தான் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். பீனிக்ஸில் சார்வருக்குப் பின் வந்த மேட் இஷ்பியா 2024–25இல் 15 கோடிக்கு மேல் வரி கட்டினார். அணி 36 வெற்றி, 46 தோல்வி, பிளே-ஆஃபே இல்லை. முந்தையவர் பிடித்து வைத்ததையெல்லாம் சேர்த்துச் செலவழிக்க வந்தவர் மாதிரி.

கோல்டன் ஸ்டேட்டின் ஜோ லேகப் 2021–22இல் சுமார் 17 கோடி வரி கட்டிக் கோப்பை வாங்கினார். அது தைரியம்தான், ஆனால் அந்தத் தைரியத்துக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் சொந்தமாகக் கட்டிய அரங்கத்தின் வருமானம் முதுகெலும்பு. அதற்கும் முன்னால் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஹார்டன் போய் நான்காம் நாள், அதே அக்டோபர் 31 கெடுவில், அதே 2009 டிராஃப்டைச் சேர்ந்த ஸ்டெஃபன் கரி நான்கு வருடம், 4.4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். கணுக்கால் அடிக்கடி மடங்கியதால் விலை குறைவு. அவர் இரண்டு முறை எம்விபி ஆனபோதும் சம்பளம் அந்தக் கணக்கில்தான் போனது. அந்த மலிவு இல்லாமல் 2016இல் டியூரன்டுக்கு இடம் ஒதுக்கியிருக்கவே முடியாது. ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள், இரண்டு கையெழுத்துகள்; இரண்டாலும் அடிவாங்கியது ஓக்லஹோமா.

இனி 2025. அதே பிரெஸ்டி, அதே பென்னெட். 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்து வாங்கிய ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் எம்விபி, 68 வெற்றி, இந்தியானாவை 4–3 என்று வென்று ஓக்லஹோமாவின் முதல் கோப்பை. கூடவே செட் ஹோம்கிரன், ஜேலன் வில்லியம்ஸ் என்று சம்பளம் ஏறப்போகும் இரண்டு இளைஞர்கள். 2012இன் மேஜையே திரும்பி வந்து நிற்கிறது.

இப்போது விதி இன்னும் கடுமை. 2023 ஒப்பந்தம் வரிக்கோட்டுக்கு மேலே இரண்டாம் மேல்வரம்பு என்று ஒன்றைக் கட்டியிருக்கிறது. 2025–26இல் அது 20.78 கோடி டாலர். அதைத் தாண்டினால் பணம் மட்டும் போவதில்லை. இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை டிரேட் செய்ய முடியாது, ஏழு வருடம் தள்ளி இருக்கும் டிராஃப்ட் உரிமை முடங்கும். முன்பெல்லாம் செலவாளி முதலாளி காசைக் கொடுத்துத் தப்பிக்கலாம், இப்போது காசு கொடுத்தாலும் கை கட்டப்படும். 2024இல் கோப்பை வாங்கிய பாஸ்டன், அடுத்த கோடையிலேயே ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பியது இதற்காகத்தான்.

இத்தனை கெடுபிடியிலும் 2025 ஜூலையில் தண்டர் மூவருக்கும் கொடுத்தது. ஷேவுக்கு நான்கு வருடம், 28.5 கோடி. ஹோம்கிரனுக்கு ஐந்து வருடம், 25 கோடி வரை. வில்லியம்ஸுக்கு 28.7 கோடி வரை. மொத்தம் 82 கோடி டாலருக்கு மேல், ஒரே மாதத்தில். முதலாளி மாறவில்லை, மாறியது அவருடைய நிலைமை. 2006இல் 35 கோடிக்கு வாங்கிய கிளப் இன்று 300 கோடிக்கு மேல். 7,600 கோடி டாலர் மதிப்பில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் தொடங்கிவிட்டது. நகரமும் புது அரங்கம் கட்டித்தருகிறது: 2023 டிசம்பரில் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட விற்பனை வரியில், குறைந்தது 90 கோடி செலவில். அதில் கிளப்பின் பங்கு 5 கோடி. ஊர்க்காரர் வரி கட்டியதால் முதலாளிக்கு வரி கட்டும் தெம்பு வந்தது என்றும் சொல்லலாம், கொஞ்சம் குறும்பாக.

பணத்தைத் தாண்டி, ஒப்பந்தம் எழுதும் விதத்திலும் ஒன்று மாறியிருக்கிறது. மூவரின் சம்பளமும் ஒன்றாக ஏறத் தொடங்கும்போது யாரோ ஒருவர் வெளியே போகவேண்டிவரும் என்பதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். சென்டர் ஐசேயா ஹார்டன்ஸ்டைனுக்கு 2024இல் மூன்று வருடம், 8.7 கோடி கொடுத்தார்கள். தடுப்பாட்டக்காரர் லூ டார்ட்டின் ஐந்து வருட ஒப்பந்தமும் ஏறக்குறைய அதே தொகை. இரண்டுக்கும் கடைசி வருடம் 2026–27, ஹோம்கிரன், வில்லியம்ஸ் இருவரின் புதுச் சம்பளம் தொடங்கும் அதே சீசன். பெர்கின்ஸின் ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு வரி இந்த இரண்டிலும் இருக்கிறது: அந்தக் கடைசி வருடம் வேண்டுமா வேண்டாமா என்பதை கிளப்பே முடிவு செய்துகொள்ளலாம்.